ஃபாஸ்ட்டுக்கு அடுத்த வார்த்தை

பனியன் கம்பெனியின் ஆறாவது லைனில் சூப்பர்வைசர் சென்னியப்பன் மைக்கைப் பிடித்து 'ரேபிட்' என்று சொன்ன அன்றைக்குத்தான் பெண்களின் கைகள் அவர்களுடையவையாக இல்லாமல் போயின, ஆனால் அதற்காக யாரும் அலறவில்லை, யாரும் மயங்கி விழவில்லை, டீ கொண்டுவந்தவர் டம்ளரில் ஊற்றிக்கொண்டே பரவாயில்லையே இன்னைக்கு லைன் நல்லா ஓடுது என்றார், அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் இருந்த வார்த்தைகள் எல்லாம் வெறும் வார்த்தைகள். ஸ்பீடு ஸ்பீடு என்று கத்தினார்கள், அது காதில் ஊறி ஃபேன் சத்தத்தோடு ஃபேன் சத்தமாகப் போய்விட்டது. ஃபாஸ்ட் ஃபாஸ்ட் என்று கத்தினார்கள், கொஞ்ச நாள் கைகள் பயந்தன, பிறகு அதுவும் பழகிப்போனது. க்விக் என்று ஒன்று வந்தது, அது கொசு கடித்த மாதிரி சுருக்கென்று இருந்துவிட்டுப் போய்விட்டது. அப்போதுதான் எச்.ஆர். சார் கிருபாகரன், ஊசி மழுங்கினால் ஊசியை மாற்றுவதில்லையா, அதுபோல வார்த்தை மழுங்கினால் வார்த்தையை மாற்றுவோம் என்று சொல்லி, போனில் தேடி ஒரு புது வார்த்தையை எடுத்துச் சென்னியப்பனிடம் கொடுத்தார். புத்திசாலித்தனமான காரியம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நினைக்காதவர்கள் சொல்லவில்லை.

அந்த வார்த்தை ஏன் பிடித்துக்கொண்டது என்றால், லைனில் உட்கார்ந்திருந்ததில் முக்கால்வாசி பத்தாவதோடு நின்ற பிள்ளைகள். பத்தாவது இங்கிலீஷ் பேப்பரில் முதல் கேள்வியே சினானிம்தான், வேறு எதுவும் வராத பிள்ளைகூட அந்த மூன்று மார்க்கை விடாது. க்விக் என்றால் ரேபிட், ரேபிட் என்றால் ஸ்விஃப்ட் என்று விடியற்காலையில் கண்ணை மூடிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடி ஆடி ஒப்பித்தவர்கள் அவர்கள். அர்த்தம் கேட்டால் தெரியாது, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடத் தெரியும். அப்படி உள்ளே போனது மூளையில் தங்கவில்லை, கையில் போய் உட்கார்ந்துகொண்டு யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்திருக்கிறது. சென்னியப்பன் கூப்பிட்டார். வந்துவிட்டது.

அரூர் பக்கத்திலிருந்து வந்த சங்கவி அப்போது ஓவர்லாக் மெஷினில் தோள்பட்டை மூட்டிக்கொண்டிருந்தாள். கணக்கில் ஃபெயில், இங்கிலீஷில் பாஸ், மறுபடி எழுதுகிறேன் என்று அவள் சொன்னதை அம்மா காதில் வாங்கவில்லை, ஹாஸ்டலோடு வேலை என்று சொன்ன வேனில் ஏற்றிவிட்டாள். ரேபிட் என்ற சத்தம் காதில் விழுந்ததும் அவள் கைகள் அவளை விட்டுவிட்டு முன்னால் ஓடின. எடு, வை, ஓட்டு, வெட்டு, எடு, வை, ஓட்டு, வெட்டு. பஸ் ஜன்னலிலிருந்து வயலில் யாரோ நாற்று நடுவதைப் பார்ப்பது மாதிரி அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பெல் அடித்தது, மெஷின் நின்றது, பெண்கள் எழுந்தார்கள். கைகள் நிற்கவில்லை. லைன் முழுக்க வெறுங்காற்றில் தோள்பட்டை மூட்டிக்கொண்டே ஹாஸ்டலுக்கு நடந்து போனது.

முதலில் சோறுதான் பிரச்சினையாக இருந்தது, ஒரு வாய் விழுங்குவதற்குள் அடுத்த மூன்று வாய் வந்து நின்றது, பிறகு மெல்லாமல் விழுங்கப் பழகிக்கொண்டார்கள். தலை வார முடியவில்லை, கைக்கு அகப்பட்ட முடியெல்லாம் சீப்போடு வந்தது, அதனால் மற்ற லைன் பிள்ளைகள் வந்து வாரிவிட்டார்கள். தூக்கத்தில் கைகள் போர்வையைப் பிரித்து நூலாக்கிவிட்டன, அதைப் பார்த்த வார்டன் ரெஜினாக்கா திட்டவில்லை, யோசித்தார், யோசித்துவிட்டு மறுநாள் ஒவ்வொரு பாயிலும் ஒரு கூடை சின்ன வெங்காயத்தை வைத்தார். விடிந்தபோது ஹாஸ்டலுக்கு மட்டுமில்லை, பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கும் வெங்காயம் உரிந்து கிடந்தது. அதிலிருந்து ஊர் பிடித்துக்கொண்டது. பூக்கடைக்காரர் மல்லிகைக் கூடையை அனுப்பினார். மளிகைக்கடைக்காரர் புளியை அனுப்பினார். அச்சாபீஸ்காரர் கல்யாணப் பத்திரிகையை மடிக்க அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் கும்பிட்ட கை சேர்ந்து நிற்காமல் படபடவென்று அடித்துக்கொண்டது, பூசாரி அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் திருநீறைத் தானே நெற்றியில் வைத்துவிட்டார். டவுன் பஸ் கண்டக்டர் மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் பைக்குள் போடக் கற்றுக்கொண்டார். பொண்ணு பார்க்க வந்தவர்கள் பாடத் தெரியுமா என்று கேட்கவில்லை, எந்த வார்த்தையில ஓடுதுங் பொண்ணு என்று கேட்டார்கள். ரேபிட் என்றால் தலையாட்டினார்கள். இன்னும் க்விக்தான் என்றால் காபியைக் குடித்துவிட்டு எழுந்துபோனார்கள்.

பனியன் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரம்மா வந்து பார்த்துவிட்டு அமேசிங் அமேசிங் என்றாள். சினானிமில் வராத வார்த்தை என்பதால் கைகள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கைகளை நிறுத்த ஒரு வழியை, சங்கவிக்குப் பக்கத்து மெஷினில் இருந்த முத்தரசிதான் யோசித்தாள். சினானிமுக்கு அடுத்த கேள்வி என்ன, ஆன்டனிம், எதிர்ப்பதம், அதுவும் நாம படிச்சதுதானே என்றாள். சாப்பாட்டு ஹாலில் எல்லோரும் சேர்ந்து நின்று, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு, ஒரே குரலில் ஸ்லோ என்றார்கள். கைகள் துள்ளின. நிற்கவில்லை, தட்டுகள் பறந்தன, சாம்பார் வாளி கவிழ்ந்தது, முன்னைவிட இரண்டு மடங்காக ஓடின. ஏனென்றால் அந்த வார்த்தையை அவர்கள் கம்பெனியில் ஒரே விதமாகத்தான் கேட்டிருந்தார்கள். யாரு ஸ்லோ, ஏன் ஸ்லோ, ஸ்லோவா இருந்தா வீட்டுக்குப் போ. கைகளுக்கு அந்த வார்த்தை என்றால் பயம். ஸ்டாப் என்று சொல்லிப் பார்த்தார்கள், அதுவும் அப்படித்தான், ஏன் ஸ்டாப் பண்ணுனே என்றுதான் கைகள் கேட்டிருந்தன. மெதுவா என்றார்கள், பைய என்றார்கள், போதும் என்றார்கள். கைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தமிழில் யாரும் அவற்றிடம் மைக்கில் பேசியதில்லை.

அன்றைக்குத்தான் சங்கவிக்குப் புரிந்தது, உள்ளே வருகிற கதவுகள் நிறைய இருக்கின்றன, வெளியே போகிற கதவு ஒன்றுகூட இல்லை.

ரேபிட் தேய்ந்தது, ஸ்விஃப்ட் வந்தது. காரா என்று சிரித்த பிள்ளைகள் சிரித்து முடிப்பதற்குள் ஒரு பண்டலை முடித்திருந்தார்கள். ஸ்விஃப்ட் தேய்ந்தது, பிரிஸ்க் வந்தது, அதில் விரல்கள் தெரியாமல் போயின, மணிக்கட்டுக்கு மேல் ஒரு மங்கல்தான் இருந்தது. பிரிஸ்க் தேய்ந்தது, ஹேஸ்டி வந்தது, அதில் தையல் கோணலானது, பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது, எச்.ஆர். சார் அந்த வார்த்தையை மட்டும் வாபஸ் வாங்கிக்கொண்டார். ஆனால் கொடுத்த வார்த்தை கையைவிட்டுப் போகுமா, சங்கவியின் கையில் அது ஒரு ஓரமாகத் தங்கிவிட்டது, அதனால் அவள் எதை எடுத்தாலும் பாதி எடுப்பதற்குள் கை அடுத்ததற்குப் போனது.

தீபாவளிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா முதலில் கையைப் பார்த்துப் பயந்தாள், பிறகு மூட்டை நிலக்கடலையைக் கொண்டுவந்து கொட்டினாள், அது கண்மூடித் திறப்பதற்குள் தோல் தனி பருப்பு தனியாக ஆனதைப் பார்த்ததும் பயம் போய்விட்டது. தெருவே கடலையோடு வந்து நின்றது. கடலை தீர்ந்ததும் புளி வந்தது, புளி தீர்ந்ததும் ஆமணக்கு வந்தது, ஆமணக்கும் தீர்ந்ததும் தெருவில் ஒன்றும் இல்லை. கைக்கு வேலை இல்லை என்றால் கை சும்மா இருக்காது. முற்றத்து முருங்கைமரத்தை அது மொட்டையடித்தது. புதுப் புடவையின் ஓரத்தைப் பிடித்து நூல் நூலாக உருவியது. பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்த தங்கச்சி சிந்துஜா, எப்போதும் போல, அக்கா ரெட்டை ஜடை போட்டுவிடு என்று முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சங்கவி வேண்டாம் என்றாள். ஒன்னும் ஆகாதுக்கா, நீ போட்டாத்தான் சாயங்காலம் வரைக்கும் நிக்கும் என்றாள் சிந்துஜா. கை போய்விட்டது. சிந்துஜா கத்திய கத்தலில் எதிர்வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, அம்மா ஓடிவந்து பார்த்தபோது பிள்ளையின் தலையில் ரத்தம் இருந்தது, சங்கவியின் கைகள் அப்போதும் காற்றில் பின்னிக்கொண்டே இருந்தன.

அம்மா அடிக்கவில்லை. சோறு போட்டாள், பக்கத்தில் உட்கார்ந்தாள், முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"கெளம்பும்மா. உன் கைக்குத் தீனி போட இந்த ஊர்ல ஒன்னும் இல்ல. அங்கதான் இருக்குது."

"எனக்கு அங்க இருக்கப் பிடிக்கலம்மா."

"இங்க இருந்தா எங்களையே பிரிச்சு வெச்சிருவடி."

கம்பெனி கேட்டில் பூட்டு இல்லை, வாட்ச்மேன் தூங்கிக்கொண்டுதான் இருப்பார், யார் வேண்டுமானாலும் போகலாம். போய் எங்கே இருப்பது என்பதுதான் கேள்வி. அவள் திரும்பிப் போனாள்.

அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். கை நிற்க வேண்டும். மடியில் வைத்தால் மடியில் கிடக்கிற, சிந்துஜாவின் தலையில் வைத்தால் தலையில் கிடக்கிற இரண்டு சாதாரணக் கைகள். பெரிய ஆசை மாதிரியும் தெரியவில்லை, ஆனால் ஹாஸ்டலில் யார் கேட்டாலும் அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கோடையில் எல்லா வார்த்தையும் தீர்ந்துபோனது. எச்.ஆர். சார் போனில் இருந்த சூப்பர்சானிக், ஹைபர்சானிக் எல்லாவற்றையும் சென்னியப்பனுக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார், கைகள் தும்மல் வந்து நின்ற மாதிரி ஒரு சின்ன உதறல் உதறிவிட்டுப் பழையபடி பிரிஸ்க்கிலேயே ஓடின. மார்க்குக்காகப் படித்த வார்த்தைதான் பிடிக்கும், போனில் இருப்பதெல்லாம் பிடிக்காது என்று அவருக்குத் தெரிய ஒரு மாதம் ஆனது. பிரிஸ்க்கும் தேயத் தொடங்கியது. கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு பாதியில் நின்றது. அப்போதுதான் அவர் லைன் லைனாக வந்து, இங்கிலீஷில் பாஸான பிள்ளை யார் என்று கேட்டார், ஆறாவது லைனே திரும்பி சங்கவியைப் பார்த்தது.

அவளிடம் ஒரு வார்த்தை இருந்தது. பொதுத்தேர்வுக்கு முந்தின வாரம் எல்லா ஊர்ப் பிள்ளைகளும் வாங்குகிற அந்த மஞ்சள் அட்டை கைடில், வேகத்துக்கான வரிசையில் கடைசியாக இருந்த வார்த்தை. எல்லோரும் படித்திருந்தார்கள், பரீட்சையில் வராததால் எல்லோரும் மறந்திருந்தார்கள், சங்கவி மறக்கவில்லை. அதை இங்கே எழுதுவதாக இல்லை, படிக்கிறவர்களிலும் பத்தாவது முடித்தவர்கள் இருப்பார்கள்.

எச்.ஆர். சார் அதை என்னிடம் சொல் என்றார். சொன்னால் அதோடு என்னை மெஷினுக்கு அனுப்பிவிடுவீர்கள், மைக்கைக் கொடுத்தால் மைக்கில் சொல்கிறேன் என்றாள் சங்கவி. மைக்கைப் பிடித்தவர்களிடம் வார்த்தை ஒட்டுவதில்லை, அது வாயிலிருந்து வெளியே போகிறது, முன்னால் ஒட்டியிருந்ததையும் கூட்டிக்கொண்டு போகிறது, காதுக்குள்ளே வருவதில்லை. சென்னியப்பனே அதற்குச் சாட்சி, அவரும் ஃபாஸ்ட் காலத்தில் மெஷினில் கை பயந்து ஓடியவர், இப்போது அவர் கைகள் பேண்ட் பையில் ஆடாமல் கிடந்தன. எச்.ஆர். சார் கொஞ்சம் யோசித்துவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து நீதான் ஆறாவது லைனுக்கு சூப்பர்வைசர் என்றார். அன்றைக்கு சங்கவி சோற்றை வேகமாகத் தின்னும் தன் கைகளைப் பார்த்து, இன்னும் கொஞ்ச நாள்தான்டி என்றாள்.

திங்கட்கிழமை காலையில் அரூர் பக்கத்திலிருந்து வேன் வந்தது. பரீட்சை முடிந்த பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருஷாவருஷம் அந்த நேரத்தில் வருகிற வேன்தான். அதிலிருந்து சிந்துஜா இறங்கினாள். ரிசல்ட்கூட வரவில்லையே என்று சங்கவி கேட்டதற்கு, வந்தா மட்டும் என்ன, அக்கா கை மாதிரி உனக்கும் ஆனா ரெண்டு பேருமா சேர்ந்து வீட்டுக் கூரைய மாத்திடலாம்னு அம்மா சொல்லுச்சு என்றாள், அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தலையில் அந்தத் தழும்பை மறைத்து முடியை இழுத்துக் கட்டியிருந்தாள். அவளை ஆறாவது லைனின் கடைசியில், பிசிறு வெட்டுகிற இடத்தில், கையில் சின்னக் கத்தரியைக் கொடுத்து உட்காரவைத்தார்கள்.

லைனுக்கு முன்னால் மைக் இருந்த சின்ன மேடையில் சங்கவி ஏறினாள். சென்னியப்பன் மைக்கை அவள் கையில் கொடுக்கவில்லை, கொடுத்தால் பறந்துவிடும் என்று தெரிந்து, கம்பியில் மாட்டி அவள் வாய்க்கு நேராகத் திருப்பி வைத்தார். அவள் எதைப் பார்க்கிறாள் என்று பார்த்தார். லைனின் கடைசியில் சிந்துஜா அக்காவைப் பார்த்துக் கையை ஆட்டினாள். ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன.

"உங்க தங்கச்சிங்களா?" என்றார்.

"ஆமாண்ணா."

"புதுசா படிச்சுட்டு வந்த கை. நல்லாப் பிடிச்சுக்குமுங்." அவர் கொஞ்ச நேரம் தன் செருப்பைப் பார்த்தார். "யோசிக்காம சொல்லிப்போடுங் அம்மிணி. நான் ஏறுனப்ப எங்க அக்கா மக கீழ இருந்தா. சொல்லிட்டா அப்பறம் ஒன்னும் தெரியாது."

சங்கவி சொல்லத்தான் ஏறினாள். அதை மறைக்க வேண்டியதில்லை. அவளுக்குக் கை வேண்டும், சிந்துஜாவும் வேண்டும், இரண்டும் கிடைக்காது என்றால் எது வேண்டும் என்று மேடைக்கு ஏறுகிற படியில்கூட அவள் முடிவு செய்யவில்லை. எச்.ஆர். சார் கையைக் காட்டினார். அவள் வாயைத் திறந்து, மூச்சை இழுத்தாள்.

அந்த மூச்சுச் சத்தம் ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது. புது வார்த்தை வருகிறது என்று தெரிந்துகொண்ட கைகள், அதைப் பிடித்துக்கொள்வதற்காக, பழைய வார்த்தையைக் கீழே போட்டன. சென்னியப்பன் எப்போதும் சட்டென்று கத்திவிடுவார், அதனால் போடுவதற்கும் பிடிப்பதற்கும் நடுவில் இப்படி ஒரு இடம் இருப்பது அவருக்கும் தெரியாது, கைகளுக்கும் தெரியாது. சங்கவி சொல்லாமல் ஒரு நொடி நின்றாள், அவ்வளவுதான், ஆறாவது லைனின் கைகள் எல்லாம் அந்த இடத்தில் வந்து நின்றன. மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. முத்தரசி தன் கைகளை மடியில் வைத்தாள், அவை அங்கேயே கிடந்தன, யாரோ தூங்கும் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போன மாதிரி அவள் அவற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி கழுத்தைச் சொறிந்தாள், ரொம்ப நாளாக அரித்திருக்கும். ஒருத்தி இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள், யாரை என்று தெரியவில்லை, கை சேர்ந்து நின்றது.

சங்கவியின் கைகளும் நின்றன. இரண்டு பக்கமும் கனமாகத் தொங்கின. கைக்கு இவ்வளவு கனம் இருக்கும் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

வாயில் எச்சில் ஊறியது, விழுங்கலாம் என்று உதட்டைக் கொஞ்சம் சேர்த்தாள். கீழே அத்தனை விரல்களும் துடித்து எழுந்தன. வார்த்தை வருகிறது என்று நினைத்துவிட்டன. அவள் பயந்து மறுபடி திறந்தாள், விரல்கள் அடங்கின. அப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் அவள் கை அவளுக்கு, மற்றவர்கள் கை போச்சு, சிந்துஜாவின் கை போச்சு. வாயை மூடினால் எல்லோருக்கும் பழையபடி. திறந்தபடியே நின்றால், நிற்கிறவரைக்கும், எல்லோர் கையும் அவரவர் மடியில்.

எச்.ஆர். சார் மேடைக்கு வந்து சொல்லும்மா என்றார், கெஞ்சினார், மிரட்டினார், பிறகு தானே மைக்கில் குனிந்து ரேபிட் என்றார், ஸ்விஃப்ட் என்றார், பிரிஸ்க் என்றார். கைகள் காதைத் திருப்பவில்லை. அவை அந்தத் திறந்த வாயைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன. மற்ற லைன்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள், ஓகோ இப்படியா என்று சொல்லிவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள். டீ வந்தது, ஆறாவது லைன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, ஊதி ஊதிக் குடித்தது. சென்னியப்பன் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

தாடை வலித்தது. காதுக்குக் கீழே நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. வாயின் ஓரத்திலிருந்து எச்சில் வழிந்து கழுத்துவரை இறங்கியது, துடைக்கலாம் என்றால் கையைத் தூக்க அவளுக்குப் பயமாக இருந்தது, இவ்வளவு நாள் கழித்து வந்திருக்கிறது, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

லைனின் கடைசியிலிருந்து சிந்துஜா எழுந்தாள். கத்தரியை மேஜையில் வைத்தாள். மெஷின்களுக்கு நடுவில் நடந்து, படி ஏறி, அக்காவின் முன்னால் வந்து நின்று, துப்பட்டாவின் நுனியை எடுத்து இரண்டாக மடித்தாள். பிறகு கன்னத்தில் தொடங்கி, தாடை, கழுத்து என்று, இடம் விடாமல், அவசரமே இல்லாமல் துடைத்துவிட்டாள்.

சங்கவி வாயை மூடவில்லை.